டபுள் ஐபிஏ: கசப்பைத் தாண்டி எதைச் சுவைப்பது, எதை வைத்து மதிப்பெண் போடுவது?

"நண்பர் கலிஃபோர்னியாவிலிருந்து கொண்டுவந்த டபுள் ஐபிஏ ஒன்றைக் குடித்தேன். கசப்பும் காட்டமும் தவிர எதுவும் தெரியவில்லை. இதற்குப் போய் எல்லோரும் 5க்கு 4.5 போடுகிறார்கள். எதைப் பார்த்துப் போடுகிறார்கள்? இன்னொரு கேன் மீதி இருக்கிறது, அதை எப்படிக் குடிக்க வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் பத்து வருடங்களுக்கு மேலாகக் கலிஃபோர்னியாவில் வீட்டில் பீர் காய்ச்சி வருகிறேன். வீட்டில் காய்ச்சுபவர்களுக்கான போட்டிகளில் நடுவராகவும் உட்காருகிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: உங்கள் நாக்கில் ஒரு குறையும் இல்லை. முதல் தடவை எனக்கும் அவ்வளவுதான் தெரிந்தது. டபுள் ஐபிஏ என்பது, ஹாப்ஸ் என்ற பூவின் கசப்பும் மணமும் தூக்கலாக உள்ள இந்தியா பேல் ஏல் (ஐபிஏ) பீரின் இன்னும் பலமான வடிவம். இந்த வகை பீரில் கசப்பும் ஆல்கஹாலும் வாசலிலேயே நிற்கும். அவற்றைத் தாண்டி உள்ளே போகக் கொஞ்சம் பழக்கம் வேண்டும். ஒன்றை மட்டும் இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு டபுள் ஐபிஏ நல்லதா இல்லையா என்பது முதல் மடக்கில் தெரியாது, கிளாஸில் கடைசிக் கால்பங்கு இருக்கும்போதுதான் தெரியும்.

இந்த பீர் எப்படிப் பிறந்தது என்று தெரிந்தால் அது ஏன் என்று புரியும். 1994ல் தெற்குக் கலிஃபோர்னியாவின் டெமெக்குலா என்ற ஊரில் பிளைண்ட் பிக் என்ற சிறு ஆலையை வின்னி சிலர்சோ என்பவர் தொடங்கினார். கருவிகள் பழையவை, அவற்றால் ஏதாவது கெட்ட வாடை வந்துவிடுமோ என்ற பயம் அவருக்கு இருந்தது. எது வந்தாலும் மூடி மறைக்கிற அளவுக்குப் பலமான பீராக முதல் பீர் இருக்கட்டும் என்று, வழக்கமான ஐபிஏவில் போடும் ஹாப்ஸை இரட்டிப்பாக்கி, மால்ட்டையும் (முளைகட்டி உலர்த்திய தானியம்) சுமார் 30% கூட்டினார். டபுள் ஐபிஏவின் தொடக்கம் என்று பலரும் சொல்வது அதைத்தான். அப்புறம் அவர் வடக்கே போய் ரஷ்யன் ரிவர் ஆலையில் சேர்ந்தார். ஹேவார்டில் உள்ள பிஸ்ட்ரோ என்ற மதுக்கூடம் டபுள் ஐபிஏவுக்கென்றே ஒரு திருவிழா நடத்தியபோது அதற்காகக் காய்ச்சியதுதான் 'பிளினி தி எல்டர்', ஆல்கஹால் 8%. அமெரிக்க வீட்டுக்காய்ச்சிகள் சங்கத்தின் பத்திரிகை வாசகர்களிடம் ஆண்டுதோறும் நடத்திய வாக்கெடுப்பில் 2009 முதல் 2016 வரை தொடர்ந்து முதலிடம் பிடித்த பீர் இது.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. முசிறித் துறைமுகம், பாண்டிய நாடு, மிளகுக்காக ரோமிலிருந்து வெளியேறும் பணம் என்றெல்லாம் நம் வரலாற்றுப் புத்தகங்களில் மேற்கோள் காட்டப்படும் ரோமானியர் பிளினி இருக்கிறாரே, அவர்தான் இவர். கி.பி. 79ல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்தவர். ஹாப்ஸ் என்று பலர் கருதும் ஒரு செடியைத் தன் நூலில் குறிப்பிட்டிருக்கிறார் என்பதால் பீருக்கு அந்தப் பெயர். மிளகையும் ஹாப்ஸையும் ஒரே மனிதரோடு சேர்த்து நினைக்க எனக்கு எப்போதும் சந்தோஷமாக இருக்கும்.

ஆக, குறையை மறைப்பதற்காகப் பலமாக்கப்பட்ட பீர், ஆறேழு ஆண்டுகளுக்குள் குறையே இல்லாமல் காய்ச்சினால்தான் எடுபடும் என்ற நிலைக்கு வந்துவிட்டது. நடுவர்களுக்குப் பயிற்சியும் சான்றிதழும் தரும் பீர் ஜட்ஜ் சர்டிஃபிகேஷன் புரோகிராம் என்ற அமைப்பின் 2021 விதிகளில் டபுள் ஐபிஏவுக்கு ஆல்கஹால் 7.5 முதல் 10% வரை, கசப்பு 60 முதல் 100 ஐபியு (கசப்பை அளக்கும் அலகு) வரை என்று எல்லை போட்டிருக்கிறார்கள். அதோடு, ஹாப்ஸ் பலமாக இருந்தாலும் சுத்தமாக, இனிப்பு தங்காமல், கரடுமுரடு இல்லாமல் இருக்க வேண்டும், இவ்வளவு பலத்திலும் குடிக்க இதமாக இருப்பது முக்கியம் என்றும் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால் அந்தக் கடைசி நிபந்தனைதான் உயிர்.

கேனில் போட்டிருக்கும் ஐபியு எண்ணைப் பார்த்து மிரளவும் வேண்டாம், மயங்கவும் வேண்டாம். ஹாப்ஸ் பூவில் ஆல்ஃபா அமிலங்கள் இருக்கின்றன. கொதிக்கும்போது அவை உருமாறி, தண்ணீரில் கரையக்கூடிய ஐசோ ஆல்ஃபா அமிலங்கள் ஆகின்றன. கசப்பில் பெரும்பங்கு அதுதான். ஒரு லிட்டரில் ஏறக்குறைய ஒரு மில்லிகிராம் இருந்தால் ஒரு ஐபியு. கரைவதற்கும் ஓர் எல்லை உண்டு. ஏட்டுக் கணக்கில் 150, 200 என்று வந்தாலும் ஆய்வகத்தில் அளந்தால் 100ஐத் தாண்டுவது அரிது. அதைவிட முக்கியம், அந்த எண் நாக்கில் அப்படியே விழுவதில்லை. மால்ட் இனிப்பு மீதி இருந்தால் 80 ஐபியுகூட மென்மையாகத் தெரியும். இனிப்பே மிஞ்சாத, தண்ணீரில் சல்ஃபேட் அதிகமுள்ள பீரில் 60 ஐபியு கத்திபோல இருக்கும். பாகற்காயை வெல்லம் போட்டுச் செய்வதற்கும் வெறுமனே வறுப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

சரி, உங்கள் இன்னொரு கேனுக்கு வருவோம். முதலில் அடியில் அச்சடித்திருக்கும் தேதியைப் பாருங்கள். சில ஆலைகள் அடைத்த தேதியைப் போடும், சில எந்தத் தேதிக்குள் குடிக்க வேண்டும் என்று போடும். அடைத்து ஒரு மாதத்துக்குள் என்றால் நல்லது, இரண்டு மாதம் பரவாயில்லை. நான்கு மாதம் ஆகி, வழியெல்லாம் வெயிலில் வந்திருந்தால் நீங்கள் குடித்தது அந்த பீரே அல்ல. விமானப் பயணப் பெட்டியிலும் பிறகு சமையலறை அலமாரியிலும் கிடந்திருந்தால் முதல் கேனில் மணம் தெரியாமல் போனதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

கேனிலிருந்து நேரடியாகக் குடிக்காதீர்கள். வெர்மான்ட்டின் ஆல்கெமிஸ்ட் ஆலை தன் ஹெடி டாப்பர் கேனில் 'கேனிலிருந்தே குடியுங்கள்' என்று அச்சடித்திருந்தது உண்மைதான். இருந்தாலும் மதிப்பிட வேண்டுமென்றால் மூக்குக்கு இடம் வேண்டும். வாய் குறுகி வயிறு அகன்ற கண்ணாடிக் குவளை நல்லது; ஒயின் கிளாஸ் இருந்தால் போதும். சோப்பு வாடையோ எண்ணெய்ப் பிசுக்கோ கிளாஸில் இருந்தால் நுரையும் போகும், மணமும் போகும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம் வெளியே வையுங்கள். 7 முதல் 10 டிகிரி செல்சியஸில் இந்த பீர் வாய் திறக்கும். ஐஸ்போல இருந்தால் மணம் அடங்கிவிடும், கசப்பு மட்டும் நிற்கும்.

சாப்பிட்ட உடனே உட்காராதீர்கள், அதுவும் காரம் சாப்பிட்ட வாயோடு வேண்டவே வேண்டாம். மிளகாய் எரிச்சலும் ஆல்கஹால் எரிச்சலும் சேர்ந்தால் பாவம், பீர் மீது பழி விழும். பக்கத்தில் தண்ணீரும் உப்பில்லாத ரொட்டித் துண்டும் இருக்கட்டும்.

முதல் வேலை மூக்குக்கு. ஊற்றியவுடன் மோந்து பாருங்கள், தள்ளிப் போடாதீர்கள். எளிதில் ஆவியாகும் வாசனைகள் முதலில் கிளம்பிப் போய்விடும். கிளாஸை மூக்கிலிருந்து ஒரு சாண் தூரத்தில் குறுக்கே கொண்டுபோய் ஒரு தடவை, அப்புறம் கிட்டே வைத்து இரண்டு குட்டி மூச்சு, பிறகு நீளமாக ஒரு மூச்சு. கடைசியாகக் கிளாஸின் வாயைக் கையால் மூடி லேசாகச் சுழற்றித் திறந்து ஒரு தடவை. ஒவ்வொன்றிலும் வேறு வேறு வாசனை வரும். வந்ததை உடனே எழுதுங்கள். மூக்கு அரை நிமிடத்தில் பழகிப்போய் எதையும் சொல்லாது.

எழுத வார்த்தை வேண்டுமே என்பீர்கள். பயிற்சிப் புத்தகங்களில் கிரேப்ஃப்ரூட், பைன், பேஷன் ஃப்ரூட் என்று போட்டிருக்கும். ஆரம்பத்தில் நானும் அவற்றையே மனப்பாடம் செய்து எழுதிக்கொண்டிருந்தேன். என் சொந்த நினைவிலிருந்து வார்த்தைகளை எடுக்க ஆரம்பித்த பிறகுதான் உண்மையில் மணம் பிடிபட்டது. கிரேப்ஃப்ரூட் என்பதற்குப் பதில் பம்பளிமாஸ் தோல். இன்னும் கூர்மையாக இருந்தால் நார்த்தங்காய் இலை. பைன் பிசின் என்பது எனக்குக் குங்கிலியம், சில சமயம் சாம்பிராணி. மாங்காயைக் காம்பு ஒடித்ததும் பால் வடியுமே, அந்தப் பச்சை வாசம் எத்தனையோ ஐபிஏக்களில் இருக்கிறது. இது வெறும் கற்பனையும் இல்லை. ஹாப்ஸ் எண்ணெயில் அதிகமாக உள்ள மிர்சீன் என்ற பொருள் மாம்பழத்திலும் எலுமிச்சைப்புல்லிலும்கூட இருக்கிறது. சிம்கோ, சிட்ரா, மொசைக் போன்ற ஹாப்ஸ் வகைகளில் பழுத்த கொய்யா வாசம் தூக்கலாக வரும். அது தையால் என்ற கந்தகச் சேர்மங்களின் வேலை. லிட்டருக்குச் சில நானோகிராம், அதாவது ஒரு கிராமில் நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே மூக்கு பிடித்துவிடும். அளவு மிஞ்சினால் அதே பொருள் பூனை மூத்திர வாடையாக மாறும். பக்கத்திலேயே வெங்காயம், பூண்டு வாடை அடிக்கும் ஹாப்ஸும் உண்டு. சிலருக்கு அது பிடிக்கும். நான் மதிப்பெண் குறைப்பேன்.

இப்போது வாய். ஒரு நல்ல மடக்கு எடுத்து நாக்கு முழுக்கப் படரவிட்டு விழுங்குங்கள். துப்ப வேண்டாம். விழுங்கியதும் மூக்கு வழியாக மூச்சை வெளியே விடுங்கள். ஹாப்ஸின் பாதி சுவை அந்த மூச்சில்தான் வருகிறது.

அப்புறம் கசப்பைக் கவனியுங்கள். தமிழ் பேசுபவர்களுக்கு ஒரு பெரிய வசதி இங்கே இருக்கிறது. கசப்பு, துவர்ப்பு, காறல் மூன்றும் நமக்குத் தனித்தனி. சுண்டைக்காய் கசக்கும், வாழைப்பூ துவர்க்கும், சரியாக வேகாத கருணைக்கிழங்கு காறும். குழந்தைக்குக்கூட வித்தியாசம் தெரியும். போட்டி மேசையில் மூன்றையும் 'கசப்பு அதிகம்' என்று ஒரே வரியில் எழுதிவிடும் நடுவர்களைப் பார்த்திருக்கிறேன். நல்ல டபுள் ஐபிஏவில் இருக்க வேண்டியது முதலாவது மட்டும்தான். நாக்கின் பக்கங்கள் இழுத்துக்கொண்டு உலர்ந்தால் அது துவர்ப்பு; ஹாப்ஸ் இலைத்துணுக்கிலிருந்தும் தானிய உமியிலிருந்தும் பாலிஃபீனால்கள் அதிகமாக இறங்கியிருக்கின்றன. தொண்டையில் சுரண்டுவதுபோல் எரிந்தால் அது காறல். கொதித்து ஆறிய பீரில் ஹாப்ஸை ஊறப்போடும் டிரை ஹாப்பிங் முறையில் மிக அதிகமாகப் போட்டு, அது அடியில் படியுமுன்னே அடைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். இரண்டும் குறைகள்தான். சுத்தமான கசப்பு சட்டென்று எழுந்து, அடுத்த மடக்குக்கு இடம் விட்டு இறங்கும். நல்ல ஃபில்டர் காபி குடித்த பிறகு வாயில் நிற்கிறதே, அப்படி.

ஆல்கஹாலை எப்படிப் பார்ப்பது? 8, 9% இருப்பது தெரிய வேண்டும், ஆனால் சூடாக நெஞ்சில் இறங்கும் இதமாகத் தெரிய வேண்டும். மருத்துவமனை ஸ்பிரிட் வாடையோ நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் வாடையோ வந்தால் ஈஸ்ட் அதிகச் சூட்டில் நொதித்திருக்கிறது. இன்னொரு பக்கம், ஆல்கஹாலைத் தாங்குவதற்காக மால்ட்டை அள்ளிப் போட்டால் பீர் பாகுபோல ஆகிவிடும், இரண்டாவது மடக்கிலேயே திகட்டும். இதற்கு சிலர்சோ கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது. பிளினியில் கொஞ்சம் டெக்ஸ்ட்ரோஸ் சர்க்கரை சேர்க்கிறார். ஈஸ்ட் அதை முழுவதும் தின்று தீர்த்துவிடுவதால் ஆல்கஹால் ஏறும், உடல் கனக்காது. சர்க்கரை சேர்ப்பதால் பீர் இனிப்பு குறைகிறது என்பது முதலில் கேட்கும்போது புதிராக இருக்கும், நடப்பது அதுதான்.

குறைகளில் இந்த வகை பீரை அதிகம் கெடுப்பது ஆக்சிஜன். எந்தப் போட்டியிலும் டபுள் ஐபிஏ மேசையில் நான் அதிகமாக எழுதும் வார்த்தை 'ஆக்சிஜனேற்றம்'. முதலில் ஹாப்ஸ் மணம் மங்கும். பிறகு தேன் மாதிரி, காய்ச்சிய வெல்லம் மாதிரி ஓர் இனிப்பு மேலே வரும். இன்னும் போனால் மழையில் நனைந்த அட்டைப்பெட்டி வாடை. என் சொந்த பீருக்கே இது நடந்தது. ஆறு வாரம் பார்த்துப் பார்த்துக் காய்ச்சியதை பாட்டிலில் அடைக்கும்போது காற்று புகவிட்டேன். போட்டிக்குப் போய்ச் சேருவதற்குள் பம்பளிமாஸ் எல்லாம் போய் வெல்லப்பாகு மட்டும் மிச்சம். 50க்கு 24 வந்தது, அது நியாயமான மதிப்பெண்.

இதைக் கற்றுக்கொள்ள ஒரு சுலபமான வழி சொல்கிறேன். ஒரே நாளில் அடைத்த இரண்டு கேன் வாங்குங்கள். ஒன்றை ஃபிரிட்ஜில் வையுங்கள், இன்னொன்றை ஒரு மாதம் அலமாரியில் வையுங்கள். வெப்பம் 10 டிகிரி கூடினால் கெடும் வேகம் இரண்டு மூன்று மடங்காகும் என்பது பொதுவான கணக்கு, அதனால் சென்னை வெயிலில் ஒரு மாதம் தாராளம். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் ஊற்றிக் குடித்துப் பாருங்கள். நூறு பக்கம் படித்தாலும் வராத தெளிவு அந்தப் பத்து நிமிடத்தில் வரும்.

மற்றக் குறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உருக்கிய வெண்ணெய் வாசம் வந்தால் அது டைஅசெட்டில். டிரை ஹாப்பிங் செய்த பீரில், ஹாப்ஸில் உள்ள நொதிகள் மிச்ச மாவுச்சத்தை உடைத்து மறுபடியும் நொதித்தலைக் கிளப்பிவிடுவதால் இது அடிக்கடி வரும். பாலாடைக்கட்டி, வியர்வைச் சாக்ஸ் வாடை என்றால் ஹாப்ஸ் பழையது. பச்சை பாட்டிலில் வெளிச்சம் பட்டு நாறும் பீர் இருக்கிறதே, அந்தச் சிக்கல் கேனுக்கு இல்லை.

மதிப்பெண் முறைக்கு வருவோம். போட்டித்தாளில் மொத்தம் 50. மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் படும் உணர்வுக்கு 5, ஒட்டுமொத்த அனுபவத்துக்கு 10. நிறமும் நுரையும் எவ்வளவு அழகாக இருந்தாலும் மூன்றுதான் என்பதைக் கவனியுங்கள். 45க்கு மேல் வாங்கும் பீர் அபூர்வம். 38 முதல் 44 என்றால் மிகச் சிறப்பு. 30க்கு மேல் என்றால் சின்னக் குறைகளோடு நல்ல பீர். எல்லா நடுவர்களும் எழுதி முடிக்கும் வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. ஒருவர் 'கொய்யா' என்று சொல்லிவிட்டால் மேசையில் எல்லோருக்கும் கொய்யா வந்துவிடும்.

நான் புதிதாக நடுவராக உட்கார்ந்த காலத்தில் ஒரு நாள் ஒன்பது டபுள் ஐபிஏ. மூன்றாவதாக வந்தது மேசையையே அதிரவைத்தது. கொய்யா, மாம்பழம், குங்கிலியம் எல்லாம் ஒரே அடியாக. 43 போட்டேன். ஏழாவதாக வந்தது அமைதியானது. சுத்தமாக இருக்கிறது, ஆனால் பெரிதாக ஒன்றுமில்லை என்று எழுதி 33 போட்டேன். எதிரே இருந்த மூத்த நடுவர் என் தாளைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. இருபது நிமிடம் கழித்து, "அந்த இரண்டு கிளாஸையும் மறுபடியும் எடு" என்றார். மூன்றாவதில் முக்கால்வாசி அப்படியே இருந்தது. சூடேறியதும் ஸ்பிரிட் வாடை வெளியே வந்திருந்தது, துவர்ப்பு நாக்கைப் பிடித்தது. ஏழாவது கிளாஸ் காலி. பேசிக்கொண்டே என்னை அறியாமல் குடித்து முடித்திருக்கிறேன். ஏற்கெனவே ஆறு பலமான பீரால் மரத்துப்போன நாக்குக்கு அதன் நுணுக்கம் முதலில் தெரியவில்லை. மிச்சமிருந்த பாட்டிலிலிருந்து கொஞ்சம் ஊற்றி, தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பச் சுவைத்தேன். நார்த்தங்காய் இலை, லேசான ரொட்டி வாசம், சுத்தமான கசப்பு, முடிவில் ஒன்றும் ஒட்டவில்லை. அன்று பரிசு அதற்குத்தான் போனது. அன்றிலிருந்து எந்த டபுள் ஐபிஏவையும் இரண்டு முறை சுவைக்காமல் நான் எண் போடுவதில்லை.

மங்கலான, பழச்சாறு போன்ற ஹேஸி வகைக்கு வேறு அளவுகோல். ஹெடி டாப்பர் போட்ட பாதை அது. ஓட்ஸ், கோதுமை சேர்த்து வழவழப்பாக்கி, கசப்பைக் குறைத்து, பழ மணத்தை முன்னால் நிறுத்துவார்கள். 2018ல் அமெரிக்க ஆலைகளின் சங்கம் இதைத் தனி வகையாகவே பிரித்தது. கலங்கலாக இருக்கிறது என்று இதற்கு மதிப்பெண் குறைப்பதும், கசப்பாக இருக்கிறது என்று பிளினிக்குக் குறைப்பதும் ஒரே தவறு. ஹேஸியில் பார்க்க வேண்டியது காறல், அடியில் ஈஸ்ட் வண்டல், அப்புறம் நிறம். ஆரஞ்சுச் சாறு போல இருக்க வேண்டியது சாம்பல் கலந்த பழுப்பாக மாறியிருந்தால் குடிக்காமலே ஆக்சிஜன் என்று சொல்லிவிடலாம்.

இணையத்தில் 4.5 போடுபவர்கள் பெரும்பாலும் முதல் இரண்டு மடக்கில் போடுகிறார்கள், அதுவும் பல பீர்களை வரிசையாகக் குடிக்கும் இடத்தில். சத்தமான பீர் அங்கே ஜெயிக்கும். அரிதாகக் கிடைப்பது, வரிசையில் நின்று வாங்குவது என்றால் இன்னும் கூடும். அந்த எண்கள் பொய் என்று சொல்ல மாட்டேன், அவை வேறு ஒன்றை அளக்கின்றன.

உங்கள் மீதிக் கேனை ஒரு சாயங்காலம், வேறு எதுவும் குடிக்காத நாளில், இன்னொருவரோடு பங்கிட்டுக் குடியுங்கள். 473 மில்லி கேன், 8% என்றால் அதில் சுத்த ஆல்கஹால் மட்டும் 38 மில்லி. சாதாரண 330 மில்லி பீர் இரண்டில் இருப்பதைவிட அதிகம். வண்டி எடுக்கும் வேலை இருந்தால் அன்று வேண்டாம். பாதியில் நிறுத்தி, பதினைந்து நிமிடம் விட்டு, மறுபடியும் மோந்து பாருங்கள். முதலில் எழுதியதையும் அப்போது எழுதுவதையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். கேனின் அடியில் என்ன தேதி இருந்தது, உங்கள் மூக்குக்கு என்ன வந்தது என்று எழுதினால் அது எங்கே கெட்டது, எங்கே நன்றாக இருந்தது என்று சேர்ந்து பார்க்கலாம்.